ஸ்பார்க் பிளக் விஷயத்தில் ஒரு மாதம் அலையவிட்டது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 1,63,000 கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காருக்கு, எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக் மாற்றும் நேரம் வந்துவிட்டதா? நான் கேட்டது இவ்வளவுதான். வண்டியைச் செய்த உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்தது. மேட்டில் பிக்கப் இல்லாமல் குலுங்கியது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. குலசேகரத்திலிருந்து உங்கள் நாகர்கோவில் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை வந்தேன். முதலில் ஒருவர் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும் என்றார். அடுத்தவர் ஒரு லட்சம் வரை தொடவே வேண்டாம் என்றார். மூன்றாவது முறை ரப்பர் பால்வெட்டையும் விட்டுவிட்டு, மழையில், தக்கலை நெரிசலில் ஊர்ந்து வந்தேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு ஸ்கேனர் பழுது என்றார்கள். நேரம் குறித்துக் கொடுத்ததே நீங்கள்தானே!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போனில் பேசியவர் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. "இவ்வளவு ஓடின வண்டிக்குப் பிளக் எதுக்கு சார், வண்டியையே மாத்துங்க." என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி அது!

கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றிக் காட்டினார். நுனி மழுங்கி, தீப்பொறி தாவுகிற இடைவெளி அகன்றிருந்தது. இப்படியே ஓட்டினால் பிளக்குக்கு மின்சாரம் தருகிற இக்னிஷன் காயில் போகும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும் என்றார். புதுசு போட்டதும் குலுக்கல் நின்றது.

1,20,000 கிலோமீட்டரில் பிளக் மாற்றியதாக உங்கள் பில் சொல்கிறது. எந்த வகை என்று அதில் இல்லை. சாதாரண நிக்கல் பிளக் என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது, நான் வந்த முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். நீண்ட காலம் உழைக்கிற இரிடியம் பிளக் என்றால் 43,000 கிலோமீட்டரில் இப்படித் தேயக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் தவறு உங்கள் பக்கம்தான். வீணான பெட்ரோல், போன வேலைநாட்கள், என் நிம்மதி எல்லாம் சேர்த்தால் லட்ச ரூபாய்க்குக் குறையாது.

அப்புறம், அந்தப் போன்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மாற்றமில்லை.

என் வண்டிக்கு எந்த வகை பிளக், எவ்வளவு இடைவெளி, எத்தனை கிலோமீட்டரில் மாற்றணும் என்று தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். பிளக் செலவையும் மூன்று பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். பதினோரு வருடமாக உங்கள் வண்டியை நம்பி ஓட்டுகிறவன், சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

பில் நகலை இணைத்துள்ளேன். கழற்றிய நான்கு பிளக்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம்