நான் சொல்லாமல் விட்ட பாதி

அன்பு மகளுக்கு,

குழுவை வழிநடத்தும் பொறுப்பு உனக்குக் கிடைத்த அன்று, பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு 3 மாதமாக நீ தொலைபேசியில் சொல்வது, "எல்லாம் நன்றாகப் போகிறது, அப்பா" என்ற ஒரே வாக்கியம்தான். நன்றாகப் போகிற நாட்களில் நீ இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவள் அல்ல. உன் தம்பி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான், நானும் கேட்கவில்லை.

சென்ற முறை வந்தபோது, கூட்டத்துக்காகத் தயாரித்த 40 பக்கங்களை எனக்குக் காட்டினாய். தேடியும் ஒரு பிழை அகப்படவில்லை, பெருமையாக இருந்தது. ஆனால் தவறு நேர்ந்த இரவில் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த பையனைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னாயே, அவன் அந்தப் பக்கங்களில் எங்குமே இல்லை. கேட்டதற்கு, "அது கதை, இது வேலை" என்றாய். முதலில் ஆளைச் சொல், கணக்கைப் பிறகு சொல் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து 7 பேர் இறந்தார்கள். கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம் என்று முந்தைய இரவே பொறியாளர்கள் அட்டவணைகளோடு எச்சரித்தும், முடிவெடுத்தவர்களின் மனத்தில் அது தைக்கவில்லை. பிறகு விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியால் நெருக்கி, பனிக்கட்டி மிதந்த குவளையில் அமிழ்த்தி, வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் 14 நாட்கள் கடந்திருந்தன.

நானும் காலம் கடந்துதான் ஒன்றைச் சொல்கிறேன். பட்டறையில் அடிபட்டவனை நான் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சிறுவயதில் திரும்பத் திரும்பக் கேட்பாய். ஓடியது உண்மை. அதற்கு 2 நாள் முன்பு அவன் என்னிடம் வந்து, "பெல்ட் ஓடுகிற சத்தம் மாறியிருக்கிறது, சார்" என்றதையும், அளவெல்லாம் சரியாக இருக்கும்போது உன் சத்தத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டு நான் அவனை அனுப்பிவிட்டதையும் உனக்குச் சொன்னதே இல்லை. அவனுடைய வலது கையில் 2 விரல்கள் போயின. அதன் பிறகு யாரும் எந்தக் குறையையும் என்னிடம் கொண்டுவரவில்லை. அதை என் நிர்வாகத் திறமை என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

தவறே செய்யாத அப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள், எல்லாம் நன்றாகப் போகிறது என்பதைத் தவிர வேறு எதைச் சொல்வாய்?

உன் குழுவினரிடம் நீ தவறிய ஒரு நாளைச் சொல்லிப் பார். எங்கே நின்றாய், யார் என்ன சொன்னார்கள், நீ என்ன பதில் சொன்னாய் என்பது போதும்; படிப்பினையை நீயே எடுத்துச் சொல்லாதே, அவர்களில் ஒருவர் வாய் திறக்கும்வரை பொறு. ஆளை முதலில் சொல். தொடங்கத் தயக்கமாக இருந்தால் என் கதையைச் சொல், இந்த முறை முழுவதுமாக.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன்; நீயாகத் தொடங்கினால், முடிக்கும்வரை குறுக்கே பேசவும் மாட்டேன்.

அன்புடன்,
அப்பா