கதவைத் தட்டிய அக்காவுக்கு நன்றி

காட்டுத்தீ நெருங்கிய இரவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிய அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. தெருவில் உள்ள எல்லாக் குடும்பங்கள் சார்பாகவும் மனமார்ந்த நன்றி.

"கிளம்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீங்களோ காஸ் வால்வை மூட வைத்தீர்கள். துணித் திரைகளைக் கழற்றி, சோபாவை அறை நடுவே தள்ள வைத்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே எரியும் தீயின் வெப்பம் கண்ணாடியைத் தாண்டியே துணியைப் பற்றவைக்கும். கண்ணாடி வெடித்துவிட்டால், காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும் கங்குகளுக்கு வழி திறந்துவிடும். கதவுகளைச் சாத்தி, பூட்டாமல், விளக்கை எரியவிட்டுப் போகச் சொன்னதும் சரியே: புகைக்குள் தீயணைப்பு வீரர்களுக்கு வீடு தெரிய வேண்டுமே.

கூரை மேல் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கிளம்பவிருந்தவர்களைத் தடுத்தீர்கள். இதுதான் பெரிய உதவி. தெரு முழுக்கக் குழாய்கள் ஓடினால் தீயணைப்பு வண்டிக்கு அழுத்தம் இருக்காது.

மின்சாரம் போய் கராஜ் கதவு திறக்காமல் கார்கள் மாட்டிக்கொண்டபோது, கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்க, மேலே மோட்டார் தண்டவாளத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றைக் காட்டினீர்கள். கதவு முழுவதும் இறங்கியிருக்கும்போதுதான் அதை இழுக்க வேண்டும். பாதியில் இழுத்தால், ஸ்பிரிங் பழுதாக இருக்கும்பட்சத்தில் கதவு தடாலென்று விழும். இழுத்தபின் இரு கையாலும் தூக்கிவிடலாம்.

பிள்ளைகளுக்கு நைலானைக் கழற்றிவிட்டு முழுக்கைப் பருத்திச் சட்டை, காரில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழலவிடுவது, பகலிலும் ஹெட்லைட். எதையும் விடவில்லை நீங்கள்.

இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அக்கா.