பெயரைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில் தொடங்குவோருக்கு நீங்கள் தரும் குறிப்புகளில், இணையதளத்துக்குப் பெயர் வைப்பதையும் சேர்க்க வேண்டும். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் செய்பவள் நான். 'எழிலேடு' என்று ஆசையாகப் பெயர் வைத்தேன். தமிழில் நாலே எழுத்து. ஆங்கில எழுத்தில் போட்டபோதுதான் வம்பு வந்தது. ழகரத்துக்கு நான் 'இசட் ஹெச்' போட்டேன். பலர் 'எல்' போட்டுத் தேடினார்கள். லே-க்கு ஒரு 'இ'யா, இரண்டா என்று அடுத்த குழப்பம். போதாததற்கு நடுவில் ஒரு சிறுகோடு வேறு. "நடுக்கோடுங்க, அடிக்கோடு இல்லை" என்று தொலைபேசியில் கத்தியே தொண்டை வறண்டது. தளப் பெயரில் அடிக்கோடு செல்லவே செல்லாது, ஆனாலும் அதைத்தான் அடிப்பார்கள்!

விதிப்படி, புள்ளிக்கு முந்தைய பகுதி 63 எழுத்து வரை நீளலாம். சரி, யார் உட்கார்ந்து அடிப்பது? இப்போது ழகரமும் கோடும் இல்லாத ஒன்பது எழுத்துப் பெயருக்கு மாறிவிட்டேன். வாங்குவதற்கு முன் நாலு பேரிடம் வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். நாலு பேரும் சரியாக எழுதினார்கள்.

அப்புறம் இன்னொன்று. பழைய பெயரைத் தளம் வடிவமைத்தவர் தன் கணக்கிலேயே பதிந்திருந்தார். புதுப்பிக்கும் நினைவூட்டல் அவர் மின்னஞ்சலுக்குப் போனது, அவர் பார்க்கவில்லை. பெயர் கைவிட்டுப் போனது. டாட் காம் பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதியலாம் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. இந்த முறை என் பெயரிலேயே பதிந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி