சின்னவன் வாசித்த பலகை

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மெதுவாக நடக்கிறார், இரவில் தூங்குகிறார், கஞ்சியில் உப்புப் போதாது என்று நேற்று முறைப்பாடும் சொன்னார். அதைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். நடந்ததைத் திரும்பவும் எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. உங்களில் அநேகம் பேருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு ஸ்காபரோச் சித்தி சொல்லியிருப்பார். நன்றி சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது போன் எடுத்த எல்லோரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அந்த வெட்டைக்குள்ளே, அந்தக் குளிரில், ஆம்புலன்ஸ்காரர் உங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" அப்போது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன். அதற்குக் காரணம் எங்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு. அதை அடித்துத் தந்தவர் எங்களிடமிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கும் வயதான விவசாயி. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், சுவிஃப்ட் கரண்ட் நகருக்குத் தெற்கே உள்ள இந்தப் பகுதிக்கு நாங்கள் கோடை முடிகிற நேரம் வந்து சேர்ந்தோம். பெட்டிகள்கூடப் பிரிக்கவில்லை. அயலவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் உருளைக்கிழங்கு மூட்டை, ஒருவர் சஸ்கட்டூன் என்ற பழம் வைத்துச் சுட்ட பை (pie), இன்னொருவர் குளிரில் கார் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டருக்கு வயர். தாத்தா வரும்போது கையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகைத் துண்டும் சுத்தியலும் இருந்தன. வணக்கம் சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டுத் தொலைபேசி எங்கே?" என்று கேட்டார். கைத்தொலைபேசியைக் காட்டினோம். அது இந்தப் பள்ளத்தில் சில நேரம் வேலை செய்யாது, வயர் போன் ஒன்று கட்டாயம் போடுங்கள் என்றார். போட்டோம். அடுத்த முறை வந்து பலகையை அடித்தார்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தெருப் பெயரும் இல்லை, கதவு இலக்கமும் இல்லை. கடிதங்கள் ஊரில் இருக்கும் தபாலகப் பெட்டிக்கு வரும். வங்கிக்கு அது போதும். ஆனால் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தபால் பெட்டிக்கு வந்து நிற்பவரால் என்ன பயன்? இங்கே ஒரு வீட்டின் உண்மையான முகவரி அது நிற்கும் காணியின் நில அளவை எண். எந்தக் கால் செக்‌ஷன், எந்த செக்‌ஷன், எந்த டவுன்ஷிப், எந்த ரேஞ்ச் (மேற்கே எண்ணிக்கொண்டு போகும் டவுன்ஷிப் வரிசை), எந்த மெரிடியனுக்கு (அளவை தொடங்கும் வடக்கு தெற்குக் கோடு) மேற்கே. தாத்தா அதைக் கறுப்பு எழுத்தில் முதல் வரியாக எழுதியிருந்தார். இரண்டாவது வரியில், நெடுஞ்சாலையிலிருந்து எத்தனை மைல் வடக்கே, எத்தனை மைல் மேற்கே என்று.

பலகையைக் கொஞ்சம் மேலே அடிக்கலாமே என்று நான் கேட்டேன். "இல்லை, இவன் நேராகப் பார்த்து வாசிக்க வேண்டும்" என்று சின்னவனைக் காட்டினார். அவனைச் சுவரோடு நிற்க வைத்து, கண் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கேதான் அடித்தார்.

அதோடு விட்டிருந்தாலே பெரிய உதவி. அவர் விடவில்லை. வாசித்தால் மட்டும் போதாது, விளங்க வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு பேரையும் மேசையில் இருத்திக் கட்டம் போடத் தொடங்கினார். ஒரு டவுன்ஷிப் என்றால் ஆறு மைலுக்கு ஆறு மைல், அதற்குள் 36 செக்‌ஷன்கள். எண் தென்கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும், பிறகு மேலே ஏறிக் கிழக்கே திரும்பி வரும், இப்படியே வளைந்து வளைந்து வடகிழக்கு மூலையில் 36இல் முடியும். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், கால் செக்‌ஷன் 160 ஏக்கர். டவுன்ஷிப் எண்கள் அமெரிக்க எல்லையான 49ஆம் பாகையிலிருந்து வடக்கே எண்ணப்படுகின்றன. ஆகவே உன் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து ஆறால் பெருக்கினால், உன் டவுன்ஷிப் எல்லையிலிருந்து ஏறக்குறைய எத்தனை மைலில் தொடங்குகிறது என்று தெரியும். மூத்தவள் அன்று இரவே யாழ்ப்பாணக் கணக்குக்கு மாற்றினாள். ஒரு ஏக்கர் 16 பரப்பு என்று அப்பா சொல்ல, ஒரு கால் செக்‌ஷன் 2,560 பரப்பு என்று அம்மம்மாவுக்குப் போனில் சொன்னாள். வீட்டையும் அதைச் சுற்றிய சிறு துண்டையும்தான் நாங்கள் வாங்கியிருக்கிறோம் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு ஒரு நாள் தாத்தா பிள்ளைகளைத் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய், வேலியோரப் புல்லை விலக்கி, நில அளவையாளர்கள் அந்தக் காலத்தில் நட்ட இரும்புக் கம்பியைக் காட்டினார். 11ஆம், 29ஆம் செக்‌ஷன்களைப் பள்ளிக்கூட நிலம் என்று ஒதுக்கி, அவற்றை விற்ற காசைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள் என்ற கதையையும் சொன்னார். அவரே ஒற்றை அறைப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளி மூடப்பட்டு எவ்வளவோ காலம், அத்திவாரக் கல் மட்டும் இருக்கிறது.

அந்த இடத்துக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் நேரான கிராவல் ரோட்டு முடிந்தது போல இருக்கும். முன்னால் வேலியும் வயலும்தான். மேற்கே கொஞ்சத் தூரம் போனால் அதே ரோட்டு மறுபடி வடக்கே தொடங்கும். ஏன் இப்படி என்று சின்னவன் கேட்டிருக்கிறான். கரெக்‌ஷன் லைன் என்று இங்கே சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தாத்தா அவனுடைய கூடைப்பந்தை எடுத்து, அதன் மேல் வடக்கு தெற்காக இரண்டு கோடுகள் இழுத்துக் காட்டினார். பூமி உருண்டை, வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும், சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டும் என்றால் 24 மைலுக்கு ஒரு தடவை கோட்டை விலக்கிப் புதிதாகத் தொடங்கத்தான் வேண்டும் என்றார். சின்னவன் அந்தப் பந்தை அழிக்க விடாமல் அப்படியே வைத்திருக்கிறான்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். போனில் பேசியது மூத்தவள் என்று பலர் நினைத்திருக்கிறீர்கள். மூத்தவள் என்னோடு அப்பாவின் பக்கத்தில் இருந்தாள், நான் அவளுடைய கையை விட்டிருக்க மாட்டேன். 911க்குப் பேசியது சின்னவன். தெருப் பெயர் என்னவென்று அவர்கள் கேட்க, "எங்களுக்குத் தெரு இல்லை, காணி எண் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வாசித்தான். இரண்டாவது வரியையும் வாசித்தான். அதற்குப் பிறகு பலகையில் இல்லாத ஒன்றையும் சொன்னான். கரெக்‌ஷன் லைனில் ரோட்டு முடிந்த மாதிரித் தெரியும், முடியாது, மேற்கே திரும்பிக் கொஞ்சம் போய் மறுபடி வடக்கே திரும்புங்கள். இரவில், பனி மூடிய ரோட்டில், வெளியூரிலிருந்து வரும் சாரதிக்கு அந்த இடம் தெரிந்திருக்குமா? நான் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அவன் யோசித்தான்.

கொஞ்சம் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

நாங்கள் ரொறன்ரோவிலிருந்து வெளிக்கிடும்போது உங்களில் சிலர் கவலைப்பட்டீர்கள். பிள்ளைகளை வீட்டில் படிப்பிப்பதே போதாதென்று, மனித நடமாட்டமே இல்லாத இடத்துக்குக் கொண்டு போகிறீர்கள், அவர்கள் யாரைப் பார்த்து வளர்வார்கள் என்று கேட்டீர்கள். அன்பில் வந்த கேள்வி என்று எனக்குத் தெரியும், அதனால் மனம் திறந்து பதில் சொல்கிறேன். சஸ்காச்சுவானில் வீட்டுக்கல்விக்கு ஒவ்வொரு வருடமும் பள்ளிப் பிரிவுக்கு எழுத்தில் திட்டம் கொடுக்க வேண்டும். மொழி, கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி என்ற நான்குக்கும் குறைந்தது மூன்று பரந்த இலக்குகள். நான் அதைப் பல இரவுகள் இருந்து கவனமாக எழுதினேன். இப்போது திருப்பிப் பார்க்கும்போது, அந்த நான்கையும் ஒரு பெரியவர் ஒரு பலகையையும் ஒரு பந்தையும் வைத்துச் சேர்த்தே படிப்பித்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்க அவருக்கு எந்தக் கடமையும் இருக்கவில்லை. அறுவடைக் காலத்தில், கம்பைனிலிருந்து இறங்கி வந்து சொல்லிக் கொடுத்தார்.

இன்னொன்றுக்காகவும் அவரை மதிக்கிறேன். இந்தக் கோடுகளைப் போடுவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று மூத்தவள் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. க்ரீ, சோத்தோ என்ற பூர்வகுடி மக்களோடு அரசு 1874இல் ஃபோர்ட் கப்பெல்லில் செய்த நான்காம் உடன்படிக்கை பற்றிச் சொன்னார். தன் குடும்பத்துக்குப் பத்து டொலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது என்றால், அது யாரோ இழந்த நிலம் என்பதையும் சொன்னார். 1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு, அதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது.

இனி மற்றவர்களுக்கு. முதலில் வந்து சேர்ந்த தொண்டர் முதலுதவிக்காரர்களுக்கு. அவர்களில் ஒருவர் பகலில் கூட்டுறவுக் கடையில் எனக்குப் பால் விற்பவர். ரோட்டுப் பனியைத் தள்ளும் கிரேடரை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் ஒழுங்கையைத் திறந்துவிட்டவருக்கு. ரோட்டுத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி விளக்குப் போட்டுக்கொண்டு நின்ற தம்பதிக்கு. எங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர் உறையாமல் பார்த்த அக்காவுக்கு. பாணும் சூப்பும் கொண்டு வந்த ஹட்டரைட் (கூட்டாகப் பண்ணையில் வாழும் கிறிஸ்தவச் சமூகம்) பெண்களுக்கு. நூலகத்தில் நாள் கடந்த புத்தகங்களைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் இன்னும் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியவருக்கு. மூத்தவளையும் சின்னவனையும் தங்கள் பிள்ளைகளோடு மேசையில் இருத்திப் பாடம் நடத்திய வீட்டுக்கல்வித் தாய்மாருக்கு. நேரில் ஒருமுறைகூடக் கண்டிராத எங்களுக்கு அறை தந்து, காலையில் புட்டும் சம்பலும் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ரெஜைனாத் தமிழ்க் குடும்பத்துக்கு. பணம் சேர்த்து அனுப்பிய உங்களுக்கு. கோயிலில் அர்ச்சனை செய்தவர்களுக்கும் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றியவர்களுக்கும். அயலவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இவர் எழுந்து நடக்கத் தொடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தோம். பனி உருகியதும் நான் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கிறேன், பிறகு இங்குள்ள தொண்டர் குழுவில் சேர்கிறேன். எங்களுக்குக் கிழக்கே பூட்டியிருக்கும் வீட்டுக்கு வசந்தத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு வருகிறதாம். அவர்களுக்கான பலகையை நாங்கள் எழுதுவோம், காணி எண் சரியா என்று தாத்தா பார்த்துத் தருவார். அப்புறம், மனிற்றோபாவிலும் அல்பேர்ட்டாவிலும் பண்ணைப் பக்கம் குடியேறியிருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இடக் குறிப்பை இன்றைக்கே எழுதி, பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். அவர்களை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ரெஜைனா அக்கா, உங்கள் போர்வைகளும் புட்டுக் குழலும் என்னிடம்தான் இருக்கின்றன. அடுத்த பரிசோதனைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது கொண்டு வருகிறேன்.

நன்றியோடு,
மூத்தவளின், சின்னவனின் அம்மா