வீட்டுக்கு வீடு தூரம்

பாலிக் புலாவ், பினாங்கு

அன்புள்ள நண்பா,

வணக்கம். ஆள் நடமாட்டம் குறைந்த இந்த மலையோரத்தில் தனிமை வாட்டவில்லையா என்று கோலாலம்பூரிலிருந்து எழுதிக் கேட்டிருந்தாய். வாட்டவில்லை. இங்கே குறைவது பேச்சுத்துணை அன்று, வேலைக்கு ஆள்தான்.

நாம் வளர்ந்த ரப்பர் தோட்டமும் ஊரை விட்டு ஒதுங்கிய இடம்தான். ஆனாலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள்; கோயில், தமிழ்ப்பள்ளி, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவை அனைத்தும் நிர்வாகத்தின் நிலத்தில் நின்றதால், தோட்டம் கைமாறியபோது வேலையோடு வீடும் போய், ஊரே ஒரேயடியாகக் கலைந்தது. இங்கே நிலம் பெரும்பாலும் அவரவர் பெயரில் இருக்கிறது. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. இருந்தும், 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கிய காலம்முதல் பிள்ளைகள் ஒவ்வொருவராக மலை தாண்டிப் போக, மரங்களும் முதியவர்களுமே மிஞ்சியிருக்கிறார்கள். இந்த மெதுவான கலைதல்தான் என்னை அதிகம் வருத்துகிறது.

பக்கத்து மேட்டில் ஹக்கா சீன மூதாட்டி ஒருவர் தனியாக வாழ்கிறார். சாதிக்காயைப் பிளந்து, விதையைச் செந்நிற வலையாய்ச் சுற்றியிருக்கும் பத்திரியைக் கிழியாமல் விரலால் உரித்து, முறத்தில் வெயிலுக்குப் பரப்புவார். கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவுக்குக் கொண்டுவந்த பயிர் அது. வௌவாலை விரட்டாதே என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். மாலையில் விரிந்து இரவிலேயே உதிரத் தொடங்கும் டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் அவைதாம்.

இங்கே டுரியானைப் பறிப்பதில்லை. தானாக விழக் காத்திருப்போம். பருவம் வந்துவிட்டால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மழையில் வழுக்கும் சரிவில் கூடையோடு இறங்கி, குரங்கும் அணிலும் முந்துவதற்குள் பொறுக்கியாக வேண்டும். அந்த அம்மாவின் முழங்கால் இனி அதற்கு இடம்கொடாது. அவருக்கும் சேர்த்து நானே பொறுக்குகிறேன், ஆனால் இரண்டு தோப்புக்கு ஓர் ஆள் போதாது.

செர்டாங்கில் விவசாயம் படித்த உன் அண்ணன் மகன் நிலம் தேடுவதாக எழுதியிருந்தாயே, அவனை ஜூன் மாதத்தில் இங்கே அனுப்பி வை. தன் தோப்பைக் குத்தகைக்கு விட அந்த அம்மா சம்மதித்திருக்கிறார். பணத்தைப் பழம் விற்ற பிறகு கொடுத்தால் போதுமாம். ஒரு வாரம் எங்களோடு இரவில் இறங்கிப் பார்த்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்