அந்த எண்பது ரூபாய்க்கும் சேர்த்து நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆன்லைன் ரம்மியை நிறுத்தி இன்றோடு 91 நாள். என்ன நடந்தது, எவ்வளவு போனது, எந்த நகை எந்த அடகுக்கடையில் கிடந்தது என்பதெல்லாம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். போனதில் உங்களில் சிலருடைய பணமும் இருக்கிறது. அதனால் அந்தக் கதையை மறுபடி ஆரம்பிக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பலருக்கும் சேர்த்து மொத்தமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, செலவுக்கு வாரம் முந்நூறு ரூபாய் எண்ணிக் கொடுக்கும் மச்சானுக்கு. கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்று கத்திய அன்று எனக்காக வாய்தா கேட்ட பட்டறை முதலாளிக்கு. ஸ்மார்ட்போனை எடுத்துக்கொண்டு பட்டன் போன் கொடுத்து, மீதிப் பணத்தை என் கையில் தராமல் என் மனைவியைக் கூப்பிட்டுக் கொடுத்த செல்போன் கடைத் தம்பிக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தபோது எடுத்துப் பேசிய அந்தப் பெண்ணுக்கு. "இப்ப உங்க பக்கத்துல யார் இருக்காங்க?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். யாரும் இல்லை என்றேன். மச்சான் வந்து கதவைத் தட்டும்வரை அவர் போனை வைக்கவில்லை.

அப்புறம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. எத்தனையோ ஆயிரம் சீட்டு பிடித்த கை, அந்த ஓபி சீட்டை வாங்கும்போதுதான் நடுங்கியது. டாக்டர் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குடிப்பழக்கம் இருக்கும் அதே பிரிவில் சூதும் இருக்கிறது என்றார். "ஒரே ஒரு சீட்டுல விட்டீங்கன்னா மூளை அதைத் தோல்வின்னு எடுத்துக்காதுங்க, கிட்டத்தட்ட ஜெயிச்ச மாதிரிதான் துள்ளும்" என்றார். மூன்று வருஷம் விட்டதைப் பிடிக்கிறேன், விட்டதைப் பிடிக்கிறேன் என்று நான் ஓடியது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

என் மனைவிக்கு இங்கே நன்றி சொல்லப் போவதில்லை. சொன்னால் கணக்கு நேராகிவிட்ட மாதிரி இருக்கும். நேராகவில்லை.

சரி, இந்த மடல் யாருக்காக எழுத உட்கார்ந்தேனோ அவருக்கு வருகிறேன். எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டுப் பூக்கார அப்பத்தா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

எட்டுக் குடித்தனம் உள்ள காம்பவுண்டு அது. ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்மல் வரும். எங்கள் வாசலில் நடந்த கூச்சல் அப்பத்தா காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆட்டத்தை நிறுத்தியபிறகு எனக்குப் பகல் சமாளித்துவிடும், ராத்திரிதான் எமன். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு விதி வந்தது, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களில் இரவு 12 முதல் காலை 5 வரை யாரும் உள்ளே நுழையக்கூடாது என்று. நல்ல விதிதான். நான் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். அலாரம் அடிக்கும்வரையாவது தூங்கினேனா என்றால் அதுவும் இல்லை. பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை முழித்துக் கிடந்தே பழகிவிட்ட உடம்பு, போன் போனபிறகும் முழித்தே கிடந்தது. எழுந்து வந்து நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். கட்டைவிரல் தானாக ஆடும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி நடந்த ஒரு ராத்திரி, அப்பத்தா தன் வாசல் விளக்கடியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். காலையில் கோயில் வாசலில் விற்க. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏய்யா, சும்மா நடந்து தரையத் தேய்க்காத. இந்தா, இதப் பிடி" என்று அரளியும் நூலும் தந்தார்.

இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து, விரலில் நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. சொல்லும்போது சுலபம். நான் கட்டிய முதல் முழத்தைத் தூக்கிக் காட்டியதும் பாதிப் பூ மடியில் கொட்டியது. நாலைந்து நாள் அரளிதான். அப்புறம் கனகாம்பரம். மல்லிகையைத் தொடவே விடவில்லை, அது விலை. முழத்துக்கு இரண்டு ரூபாய் கூலி என்று அவராகவே ஒரு கணக்கு வைத்தார். முதல் ராத்திரி பன்னிரண்டு ரூபாய் கிடைத்தது. ஒரே டீலில் ஆயிரங்களை விட்டவன் அந்தப் பன்னிரண்டு ரூபாயை எண்ணிப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். எண்ணினேன்.

அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுக்க மூடியது. "இனிமே உனக்குப் பிரச்சினையே இல்லப்பா" என்று எத்தனை பேர் வந்து சொன்னீர்கள்! உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் அந்த வாரமே என் பட்டன் போனுக்கு ஏதோ வெளிநாட்டுத் தளத்தின் லிங்க்கோடு எஸ்எம்எஸ் வந்தது, முதல் டெபாசிட்டுக்கு இரட்டிப்பு போனஸ் என்று. சட்டம் வேண்டும், சந்தேகமே இல்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-ல் சொல்லிவிட்டது என்று நடுராத்திரியில் பெண்டாட்டியிடம் வக்கீல் மாதிரி வாதாடியவன் நான். எனக்கு அந்தச் சாக்கு இனி இல்லை. ஆனால் கடையை மூடினால் பசி போய்விடுமா? அப்பா காலத்தில் சாவடியில் உட்கார்ந்து சீட்டாடினால் ஊரே பார்க்கும், தாத்தா வந்து காதைத் திருகி இழுத்துப் போவார். நான் கழிப்பறையில் உட்கார்ந்து ஆடினேன். என் காதை யார் திருகுவது?

ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள். பட்டறை விட்டு வந்ததும் அப்பத்தா கூப்பிட்டு அனுப்பினார். போனால், நல்ல காய்ச்சல், கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார். கல்யாண வீட்டுக்குப் பூ ஒத்துக்கொண்டாயிற்று. சுருக்குப்பையை அவிழ்த்து, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். "காலைல மூணரைக்கு எந்திரிச்சு மாட்டுத்தாவணி போ. மல்லி ரெண்டு கிலோ. பிச்சி அரைக் கிலோ. மொட்டாப் பாத்து வாங்கு."

மூன்று மாதமாக என் கையில் யாரும் ஐந்நூறு ரூபாயைச் சேர்த்து வைத்ததில்லை. நானே வைக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் வந்துவிட்டேன்.

விடிவதற்கு முன் பஸ்ஸில் போகும்போது சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இங்கே பொய் எழுத விரும்பவில்லை. முன்பெல்லாம் இவ்வளவு பணம் கையில் வந்தால் எத்தனை ஆட்டம் தாங்கும் என்று மனசு கணக்குப் போடும். அன்றும் போட்டது. போட்டுக்கொண்டே இருந்தது. மார்க்கெட் வந்தது, இறங்கினேன். மூட்டை, ஈரம், கூச்சல், அந்த வாசனை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முதல் கடையிலேயே நின்று, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

பூவையும் மீதிப் பணத்தையும் அப்பத்தா முன்னால் வைத்தேன். பார்க்காமலே வாங்கி வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன் போல. இல்லை. காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். என் வயிற்றில் புளி கரைத்தது. அப்புறம் பூப்பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தார்.

"மல்லி கிலோ என்ன வெலைக்கு வாங்குன?"

"ஆயிரத்து எரநூத்தி நாப்பது."

"கேட்ட காச அப்பிடியே நீட்டிட்டு வந்தியாக்கும்? பக்கத்துக் கடையில ஆயிரத்து எரநூறுதான்டா இன்னைக்கு, இப்பத்தான் போன் போட்டுக் கேட்டேன். இதுல தண்ணிய வேற தெளிச்சு நிறுத்திருக்கான். இம்புட்டு ஏமாளியா இருந்தா எப்பிடிப் பொழப்ப? ரெண்டு கிலோவுக்கு எம்பது ரூவா. உன் கூலியில கழிச்சுக்குவேன், ஆமா."

ரம்மி ஆடியவர்களுக்கு எண்பது என்றால் என்னவென்று தெரியும். ஒரு வரிசைகூடச் சேராமல் மாட்டிக்கொண்டால் விழுகிற முழுப் புள்ளி. நான் தோற்ற எண்பதுகளிலேயே மலிவானது இதுதான்.

இந்த மூன்று மாதமும் நான் எதைத் தொட்டாலும் பக்கத்தில் நாலு கண் இருந்தது. அதில் யார்மேலும் தப்பில்லை, என் கையை நானே அப்படித்தான் பார்த்தேன். அப்பத்தாவும்தான் எண்ணினார். ஆனால் அவர் என்னைத் திட்டியது எனக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்பதற்காக. கள்ளன் என்று இல்லை, மக்கு என்று. முதல் தடவை பூ மார்க்கெட் போகிற எவனையும் அப்படித்தான் திட்டியிருப்பார். அன்றைக்குப் பட்டறையில் வேலை செய்யும்போதெல்லாம் அந்தத் திட்டை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். முதலாளி எனக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார், பாவம்.

உங்களுக்குத் தர வேண்டியதை மச்சான் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், சின்னத் தொகை முதலில். மாதம் பிறந்தால் ஒருவருக்காவது போய்ச் சேரும். தாமதமானால் என்னிடம் கேட்காதீர்கள், மச்சானிடம் கேளுங்கள், பணம் அவரிடம்தான் இருக்கும். இனி ஆடவே மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லி அம்மா கேட்டார். முன்பே நாலு தடவை அடித்திருக்கிறேன், நாலும் அணைந்தது. இன்றைக்கு ஆடவில்லை என்பதை மட்டும் தினமும் ராத்திரி அவருக்குப் போன் செய்து சொல்கிறேன்.

அப்பத்தாவுக்கு இன்னும் இருபது ரூபாய் பாக்கி. வியாழக்கிழமை மறுபடி முகூர்த்தம், மறுபடி என்னைத்தான் போகச் சொல்லியிருக்கிறார். என்ன விலை சொன்னாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைப் பக்கம் நாலு அடி நடக்க வேண்டுமாம், அவனே கூப்பிடுவானாம். இரண்டு நாளாக அந்த முகத்தைச் சுளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சரியாக வரவில்லை என்கிறார்.