ஆற்றங்கரை மாளிகையில் வியாழக்கிழமை மாலைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கல்லூரிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. கோடையில் வியாழக்கிழமை வந்தால் நானும் மனைவியும் லிண்ட்ஹர்ஸ்ட் மாளிகைக்குக் கிளம்பிவிடுகிறோம். உங்கள் ஊர் ஆற்றங்கரையில் பூட்டிக் கிடக்கும் பழைய பங்களாவைப் பற்றி நீ எழுதியிருந்ததால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கிலிருந்து வடக்கே ரயிலில் வந்தால் டாரிடவுன். அங்கே ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இந்த மாளிகை இருக்கிறது. நியூயார்க்கின் முன்னாள் மேயர் வில்லியம் பால்டிங்குக்காக 1838-இல் அலெக்சாண்டர் ஜாக்சன் டேவிஸ் வடிவமைத்தது. கூரான கோபுரங்களும் ஏறுக்குமாறான கூரையுமாக அது எழும்பியதைப் பார்த்து, பால்டிங்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிற மாதிரி ஊரார் கேலி பேசினார்களாம். பிறகு ஜார்ஜ் மெரிட் என்பவர் வாங்கிப் பெரிதாக்கினார். 1880-இல் ரயில்வே கோடீஸ்வரர் ஜே கூல்டு கைக்கு வந்தது. கூல்டு இங்கிருந்து சொந்தப் படகில் மன்ஹாட்டனுக்குப் போய்வருவார்.

என் மனத்தில் நிற்பவர் அவருடைய மூத்த மகள் ஹெலன்தான். அப்பா இறந்த பிறகு, 1894-இல், தோட்டத்துக்குள் பவுலிங் விளையாட ஒரு தனிக் கட்டடம் கட்டினார். அது பணக்காரர்கள் எல்லோரும் செய்யக்கூடியதுதான். ஆனால் அந்தக் கேட்டுக்குள் சுற்றுவட்டாரப் பெண்பிள்ளைகளை வரவழைத்துத் தையல் வகுப்பும் நடத்தினார். ஊருக்கும் அந்த வீட்டுக்கும் உறவு அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். ஹெலனுக்குப் பின் தங்கை ஆனாவிடம் வந்து, 1961-இல் அவர் இறந்தபோது தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. 67 ஏக்கர். விற்றிருந்தால் இந்நேரம் அடுக்குமாடிகள்தான்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஜூலை, ஆகஸ்டில் புல்வெளியில் ஜாஸ் கச்சேரி. ஆளாளுக்கு மடக்கு நாற்காலியும் போர்வையும் கொண்டுவந்து சரிவில் இடம்பிடிக்கிறார்கள். நாங்கள் புளியோதரையும் அப்பளமும் கொண்டுபோவோம். பக்கத்துப் போர்வைக்காரர்கள் அப்பளத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். புல்வெளி மேற்கே பார்த்திருப்பதால் எதிர்க்கரைக்குப் பின்னால் சூரியன் இறங்குவது முழுசாகத் தெரியும். கீழே ஆற்றோரம் ரயில் போகும்போது வாசிப்பவர்கள் நிறுத்துவதில்லை. சாக்ஸபோன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், குழந்தைகள் ரயிலுக்குக் கையாட்டுவார்கள்.

கைவினைப் பொருள் சந்தை தனியாக நடக்கிறது. கொரோனா காலத்தில், 2021-லும் 2022-லும், வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியே மன்ஹாட்டனை விட்டு இந்தப் புல்வெளிக்கு வந்தது. ரோஜாத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது பக்கத்து இர்விங்டன் ஊரின் தோட்டக் கழகத்தார். கையுறையும் கத்தரியுமாக ஒரு பாட்டி குனிந்து காய்ந்த பூக்களை நறுக்கிக்கொண்டிருந்தார். எந்தச் செடி எப்போது நட்டது என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நியூயார்க்குக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன பழைய குரோட்டன் கால்வாய்த் தடமும் இந்த நிலத்தின் வழியாகப் போவதால், காலை நடைக்காரர்களும் தினமும் இதைக் கடந்து போகிறார்கள்.

உள்ளே போய்ச் சுற்றிப்பார்க்க டிக்கெட் உண்டு. அது வேண்டும்தான், கூரை ஒழுகினால் யார் கட்டுவது? ஆனால் அறைகளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் உள்ளூர்க்காரர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரவைப்பது வெளியே நடப்பவைதான்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பங்களாவை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்ற யோசனையை இப்போதைக்குத் தள்ளிவை. உள்ளே செலவு செய்ய லட்சக்கணக்கில் வேண்டும். முதலில் அந்த முன்வாசலை மட்டும் கேட்டுப் பார். முள்ளை வெட்டி, விளக்குப் போட்டு, மாதத்தில் ஒரே கிழமையில் ஏதாவது நடத்து: உங்கள் ஊர் நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் கதை படிக்கட்டும். நாள் மட்டும் மாறக்கூடாது. ஆறு மாதம் ஓடினால் ஊரே உன் பக்கம் நிற்கும். வாரிசுகளிடம் பேசுவதும் சுலபமாகும்.

அந்த வாரிசுகளில் ஒருவர் சென்னையில் இருப்பதாக எழுதியிருந்தாயே, அவரைப் பார்த்தாயா? டிசம்பரில் நான் வரும்போது சேர்ந்தே போய்ப் பேசலாம். அதற்குள் வாசல் பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்